வறட்சியை இலை எப்படித் தாங்குகிறது?

(காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர்கள், மில் தொழிலாளர்கள், சுற்றுக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளர்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய விஞ்ஞானப் பேச்சின் எழுத்து வடிவம்)



நான் இன்று வெறுங்கையோடு வரவில்லை. நான்கு கொம்புகள் ஒடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று விராலி, செங்கற்பட்டுப் பக்கத்துக் குன்றுச் சரிவில் ஒடித்தது. ஒன்று ஆவாரை, வாலாஜாபாத் சாலையோரம் கிடைத்தது. மூன்றாவது எருக்கு, அதைத் தேடிப் போக வேண்டியதே இல்லை, இந்தத் தெருமுனையிலேயே நிற்கிறது. நான்காவது மல்பெரி. தமிழில் முசுக்கொட்டை என்பார்கள். ஓசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் கொடுத்தனுப்பினார். இங்கே உட்கார்ந்திருக்கும் நெசவாளர்களில் பலர் பிறந்தது முதல் பட்டு இழையைத் தொட்டுக்கொண்டே இருப்பவர்கள். அந்தப் பட்டுக்கு மூலமான இலையைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், கைகள் அதிகம் உயராது.

கைக்குக் கை கொடுத்துப் பாருங்கள். முகர்ந்து பாருங்கள், விரலால் தேய்த்துப் பாருங்கள். எருக்கை மட்டும் ஜாக்கிரதையாகப் பிடியுங்கள். அதன் பால் கண்ணில் படக்கூடாது. இன்னொன்றையும் கவனியுங்கள். நான்கும் நேற்று மாலை ஒடித்தவைதான். முசுக்கொட்டை இலை துவண்டு தொங்குகிறது. விராலி இலை இப்போதுதான் ஒடித்தது போல் விறைத்து நிற்கிறது.

இந்த விராலியை நான் ஒடித்தபோது பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். “சுத்திலும் எல்லாம் காஞ்சு கெடக்கு, இது மட்டும் எப்படிப் பெரியவரே பச்சையா நிக்குது?” என்று கேட்டேன். “அதுக்குப் பழகிப் போச்சுங்க” என்றார். அனுபவசாலியின் பதில். ஆனால் அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நம்மூர் மழைக் கணக்கு

முதலில் ஒரு கேள்வி. காஞ்சிபுரம் வறண்ட பூமியா? ஆண்டுக்குச் சராசரியாக 1,200 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. பழைய கணக்கில் சுமார் 48 அங்குலம். லண்டன் நகரில் பெய்வது இதில் பாதிதான். அங்கே புல் கருகுவது அபூர்வம். இங்கே பங்குனி பிறந்தால் பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது. ஏன்? லண்டன் மழை பன்னிரண்டு மாதமும் சிறு தூறலாகப் பங்கிட்டு விழுகிறது. நமக்குப் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. பிறகு தை முதல் ஆனி வரை வானம் கையை விரித்துவிடும். வருஷக் கூலி முழுவதையும் ஒரே மாதத்தில் வாங்கி, மீதிப் பதினொரு மாதம் ஓட்டுகிற குடும்பத்தின் நிலைமை என்னவோ, அதுதான் இந்த மண்ணில் முளைக்கும் செடியின் நிலைமை.

அதிலும் சில வருஷம் அந்த ஒரு கூலியும் வருவதில்லை. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட நூற்றுக்கு அறுபது பங்குக்கும் அதிகமாகக் குறைந்தது. 2017 ஜனவரியில் அப்போதிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று சர்க்கார் அறிவித்தது. அந்தக் கோடையில் வேலை தேடி அலைந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். நான் வர்ணிக்கத் தேவையில்லை. அந்தக் கோடையிலும் குன்றுச் சரிவில் விராலி நின்றது. காரை நின்றது. களா நின்றது. காயா நின்றது.

இந்தச் சோழமண்டலக் கரையோரத்துக் காடு விஞ்ஞானிகளுக்கே விசித்திரமாகத் தோன்றியது. வறண்ட நாட்டுச் செடி என்றால் கோடையில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும் என்பது பொது வழக்கம். இங்கேயோ ஆறு மாத வறட்சியிலும் பல செடிகள் இலையோடு நிற்கின்றன. 1936-ல் இந்தியக் காடுகளை வகை பிரித்த சாம்பியன் என்ற வனத்துறை அதிகாரி இதற்குத் தனிப்பெயரே கொடுத்தார்: உலர் பசுமைமாறாக் காடு. உலர்ந்ததும், பசுமை மாறாததும்! இந்த இரண்டு வார்த்தைகளும் எப்படி ஒன்றாகப் பொருந்தின?

பசியும் தாகமும்

இலை என்பது செடியின் அடுப்படி. காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேரிலிருந்து வரும் நீரையும் சேர்த்து, வெயிலின் சக்தியால் மாவும் சர்க்கரையும் சமைக்கிறது. காற்று உள்ளே வரவேண்டுமானால் வாசல் வேண்டும். இலையின் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. ஒரு சதுர மில்லிமீட்டரில், அதாவது ஊசிக் காது அகலத்துக்கு, நூறு இருநூறு துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் இரண்டு கதவு. செடி அதைத் திறக்கலாம், மூடலாம்.

துளையைத் திறந்தால் கரியமில வாயு உள்ளே வரும். ஆனால் அதே வாசல் வழியாக நீராவி வெளியே போய்விடும். சரிக்குச் சரியான பண்டமாற்றாகவும் அது இல்லை. ஒரு மூலக்கூறு கரியமில வாயுவுக்குச் செடி நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகளைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கந்து வட்டியைவிடக் கொடிய வட்டி! சரி, நீரைக் காப்பாற்றத் துளையை மூடிவிட்டால்? வாயு வராது, சமையல் நின்றுவிடும். திறந்து வைத்தால் தாகம், மூடி வைத்தால் பசி. இலையில் நாம் பார்க்கும் உருவம், கனம், மெழுகு, மயிர் எல்லாமே இந்த இக்கட்டுக்குக் கிடைத்த வெவ்வேறு பதில்கள்.

காற்று காய்ந்தால் என்ன ஆகும் என்று நூற்பு மில் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஈரக்காற்று ஊதும் இயந்திரம் நின்றுபோனால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். குழித்தறிக்காரருக்கும் தெரியும், குழியின் ஈரம்தான் பாவைக் காப்பாற்றுகிறது. (அதே குழியில் ஐப்பசியில் தண்ணீர் ஊறித் தறியே நின்றுபோவது வேறு கதை. அதை இன்னொரு நாள் பேசலாம்.) சித்திரை மாதத்துக் காய்ந்த காற்று இலையிலிருந்து நீரை உறிஞ்சுகிற வேகம் மார்கழிக் காற்றின் வேகத்தைப் போலப் பல மடங்கு.

ஒவ்வொரு இலையாகப் பாருங்கள்

இப்போது விராலியைக் கையில் எடுங்கள். இலை ஒடுக்கமாக, நீளமாக இருக்கிறது. அகன்ற இலையில் வெயில் பட்டால் அது வாணலி போலச் சூடேறும்; மேலே போகும் காற்று அந்தச் சூட்டை எளிதில் வாங்கிக்கொண்டு போகாது. ஒடுக்கமான இலையில் சூடு தங்காது, இளங்காற்றே அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் தாராளமாக இருந்தால் அகன்ற இலை வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். அதனால்தான் மழைக்காட்டிலும் ஆற்றங்கரையிலும் பெரிய இலைகள். காஞ்சி என்றே பெயருடைய மரம் ஒன்று உண்டு, ஆற்றுப்பூவரசு என்றும் சொல்வார்கள். அது ஆற்றோரத்து மரம், அகன்ற மெல்லிய இலை உடையது. அதைக் குன்றின் மேல் கொண்டுபோய் வைத்தால் ஒரு கோடையைத் தாண்டாது. 2017-ல் உலகெங்கும் 682 இடங்களில் 7,670 வகைத் தாவரங்களின் இலை அளவைச் சேர்த்துப் பார்த்த விஞ்ஞானிகள் இதையேதான் கண்டார்கள்: வெப்பமும் வறட்சியும் சேர்ந்த இடத்தில் பெரிய இலைக்கு இடமில்லை. கடும் குளிர்ப் பிரதேசத்திலும் பெரிய இலை இராக்காலத்தில் உறைந்துபோகிறது என்பதும் அதே ஆராய்ச்சியில் தெரிந்தது.

விராலி இலையை விரலால் தேயுங்கள். ஒட்டுகிறதல்லவா? வார்னிஷ் அடித்தது போல மேலே ஒரு பிசின் பூச்சு. துளைகள் மூடிய பிறகும் தோல் வழியாகக் கசியும் நீரை அந்தப் பூச்சு தடுக்கிறது. கிராமத்தில் எலும்பு முறிவுக்கு இதை வைத்துக் கட்டுகிறோம். செடிக்கு அது மருந்துக்காக வந்ததில்லை.

ஆவாரையில் ஓர் ஈர்க்கில் எத்தனை சிற்றிலைகள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பெரிய இலையைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்த மாதிரி. வெளிச்சம் பிடிக்க மொத்தத்தில் போதுமான பரப்பு உண்டு, ஆனால் ஒவ்வொரு துண்டும் சிறியது, சூடேறாது. ஆவாரம்பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை ராஜதானியின் தோல் பதனிடும் ஷாப்புகள் அந்தக் காலத்தில் பெரும்பாலும் இந்தப் பட்டையை நம்பித்தான் நடந்தன. தரிசில் நிற்கும் ஒரு புதர் ஒரு தொழிலையே தாங்கியது.

இலந்தையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் வெள்ளைக் கம்பளி போல மயிர் இருக்கும். துளைகளின் வாசலில் அது ஒரு திரை. கள்ளியோ இலையையே கைவிட்டுவிட்டது. தண்டே பச்சையாகிச் சமைக்கிறது. சப்பாத்திக்கள்ளி பகலில் துளையை இறுக மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து வாயுவைச் சேமித்துக்கொள்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், நம் சதுரக்கள்ளிக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளிக்கும் உறவே கிடையாது. ஒன்றைக் கீறினால் பால் வரும், மற்றதில் வராது. இரண்டு கண்டங்களில், இரண்டு வேறு குடும்பங்கள், ஒரே நெருக்கடிக்கு ஒரே மாதிரியான பதிலுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

“அப்படியானால் எருக்கு?” என்று முன்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. எருக்கு இலை உள்ளங்கையைவிடப் பெரியது. நான் இதுவரை சொன்னதற்கு நேர் விரோதம். ஆனால் அதைத் தடவிப் பாருங்கள். மாவு பூசியது போல் மெழுகு, இளம் இலையில் பஞ்சு. அதன் வேரைத் தோண்டி எடுக்க முயன்றவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு ஆழம் போகிறதென்று. மேலே செலவு அதிகம், கீழே வரவும் அதிகம். ஆகவே ‘சிறிய இலைதான் வறட்சியைத் தாங்கும்’ என்று சூத்திரம் போல மனப்பாடம் செய்யாதீர்கள். செடியின் கணக்கை வேர், தண்டு, இலை மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அறுகிற இழை

சிறிய இலைக்கு இன்னொரு லாபம் உண்டு. இது நெசவாளர்களுக்கு எளிதில் புரியும்.

வேரிலிருந்து இலை வரை நீர் எப்படி ஏறுகிறது? கீழிருந்து பம்பு எதுவும் தள்ளுவதில்லை. இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது, பின்னாலிருக்கும் நீரை அது இழுக்கிறது. மயிரைவிட மெல்லிய குழாய்களில் நீர் ஒரு தொடர்ந்த இழையாக, விறைத்துப் பிடித்த பாவு போல நிற்கிறது. மண் காயக் காய அந்த இழுப்பு கூடுகிறது. கலிபோர்னியாவின் வறண்ட குன்றுகளில் சில புதர்களின் குழாய்களில் அது காற்றழுத்தத்தைப் போல அறுபது மடங்குக்கும் மேல் போகிறது. எந்த இழைக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் படீரென்று அறுந்து, குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்துவிடும். அந்தக் குழாய் அதன் பிறகு நீர் கொண்டுபோகாது. செடி வறட்சியில் சாவதற்கு முக்கியக் காரணம் இப்படிக் குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுபடுவதே.

அறுந்த பாவு இழையை நீங்கள் பிணைத்துவிடுவீர்கள். செடிக்குக் கோடையின் நடுவில் அது சுலபமில்லை. அது செய்யக்கூடியது, இழை அறுந்தாலும் சுற்றிப் போக வேறு வழி வைத்திருப்பது. சிறிய இலையில் பெரிய நரம்புகள் நெருக்கமாக ஓடுகின்றன. ஒன்று அடைபட்டால் பக்கத்து நரம்பு வழியாக நீர் போய்விடும். அகன்ற இலையில் பெரிய நரம்புகளுக்கு இடையே தூரம் அதிகம். ஒன்று போனால் ஒரு பகுதியே காய்ந்துவிடும். 2011-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் நிலையத்தில் பத்து வகைச் செடிகளின் இலைகளைக் காயவைத்து அளந்து இதை நிரூபித்தார்கள். நெருக்கமான அச்சில் ஓடிய பாவுக்கும் நெகிழ்ந்த பாவுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

இந்த இடத்தில் ஒரு பழைய ருஷ்ய விஞ்ஞானியைச் சொல்லாமல் போக முடியாது. மாக்சிமோவ் என்பவர் முதல் உலக யுத்த காலத்தை ஒட்டி, திபிலிசி நகரத் தாவரத் தோட்டத்தில் செடிகளைத் தொட்டியோடு தராசில் நிறுத்தி, எந்தச் செடி எவ்வளவு நீரை இழக்கிறது என்று கணக்கெடுத்தார். வறண்ட நிலச் செடி சிக்கனமாகச் செலவழிக்கும் என்பது அதுவரை எல்லோரும் நம்பியது. தராசு வேறு விதமாகச் சொன்னது. நீர் கிடைக்கும்போது வறண்ட நிலச் செடிகளில் பல, ஈர நிலச் செடிகளுக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ நீரைச் செலவழித்தன! மழை இருக்கும்போது வாசலை விரியத் திறந்து வேகமாகச் சமைத்துக்கொள்கின்றன. வறட்சி வந்ததும் இறுக மூடிக்கொண்டு, நீர் குறைந்த நிலையிலும் உயிரை விடாமல் தாங்குகின்றன. அந்தத் தாங்கும் சக்திதான் அசல் விஷயம் என்றார் மாக்சிமோவ். இதை வெறும் சிக்கனம் என்று நினைத்தது தப்பு.

“பழகிப் போச்சு” - எவ்வளவு தூரம் உண்மை?

இப்போது அந்தப் பெரியவரின் வார்த்தைக்கு வருவோம்.

ஒரு செடி தன் ஆயுளில் கொஞ்சம் பழகிக்கொள்வது உண்மை. 1904-ல் கீவ் நகரத்தில் சலேன்ஸ்கி என்பவர், ஒரே செடியின் மேல் இலையையும் கீழ் இலையையும் மைக்ராஸ்கோப்பில் ஒப்பிட்டார். வெயிலும் காற்றும் நேராகப் படுகிற மேல் இலையில் நரம்புகளும் துளைகளும் நெருக்கமாக இருந்தன. நாற்றங்காலில் தண்ணீரைச் சற்றுக் குறைத்து வளர்த்த நாற்று, வயலில் காய்ச்சலைக் கொஞ்சம் தாங்கும் என்பதும் நம் அனுபவம். மானாவாரி விதையை ஊறவைத்து உலர்த்தி விதைப்பதும் அந்த வழிதான்.

ஆனால் உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் அம்மா ஒருவர், கூட்டம் தொடங்குமுன்பே என்னிடம் கேட்டார்: “அப்படிக் காயப்போட்டு வளர்த்த பயிரோட விதையை எடுத்து வெதைச்சா, அதுவும் காய்ச்சலைத் தாங்குமா தம்பி?”

அம்மா, தாங்காது. சில செடிகளில் தாய் பட்ட கஷ்டத்தின் சுவடு ஒன்றிரண்டு தலைமுறை வரை குட்டிகளிடம் தெரிவதுண்டு, பிறகு கரைந்துவிடும். நிலையான மாற்றம் அப்படி வருவதில்லை. அது வருகிற வழி வேறு. ஒரு விராலிப் புதர் காகிதம் போன்ற சிறகு வைத்த காய்களை ஆயிரக்கணக்கில் காற்றில் விடுகிறது. முளைக்கிற குட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றுக்கு இலை அரை மில்லிமீட்டர் ஒடுக்கம், ஒன்றுக்குப் பிசின் சற்று அதிகம், ஒன்றுக்கு நரம்பு நெருக்கம். இந்த வித்தியாசங்கள் தாய் தந்தையின் ஜீன்கள் கலப்பதாலும், அவ்வப்போது தற்செயலாக மாறுவதாலும் வருகின்றன. வறட்சி வருமென்று தெரிந்து எந்தக் குட்டியும் தயாராகப் பிறப்பதில்லை. பஞ்ச வருஷம் வருகிறது. ஆயிரத்தில் தொள்ளாயிரத்துச் சொச்சம் மாண்டுபோகின்றன. மிஞ்சிய சிலவற்றின் விதைதான் அடுத்த தலைமுறை. அதில் மறுபடி வித்தியாசம், மறுபடி பஞ்சம். இப்படி ஆயிரக்கணக்கான தலைமுறை. 1859-ல் டார்வின் எழுதிய இயற்கைத் தேர்வு இதுதான். நாம் பார்க்கும் விராலி பழகிக்கொண்ட செடியின் பிள்ளை என்று நினைப்பதைவிட, சாகாமல் தப்பிய செடியின் பிள்ளை என்று நினைப்பதே சரி. செத்த கோடிக்கணக்கான குட்டிகளை யாரும் பார்க்கவில்லை, அதனால் “பழகிப் போச்சு” என்று தோன்றுகிறது.

இது வெறும் ஊகமா? இல்லை. கலிபோர்னியாவில் கிளாஸன், கெக், ஹீஸி என்ற மூவர் மூன்று தோட்டம் போட்டார்கள். ஒன்று கடல் மட்டத்துக்கு அருகில், ஒன்று 4,600 அடி உயரத்தில், மூன்றாவது 10,000 அடி உயரத்தில். ஒரே செடியை மூன்றாகப் பிரித்து மூன்று இடத்திலும் நட்டார்கள். செடி இடத்துக்குத் தக்கபடி கொஞ்சம் மாறியது. ஆனால் மலை உச்சிக் குட்டை வகை, கீழே கொண்டுவந்து எவ்வளவு பராமரித்தாலும் குட்டையாகவே இருந்தது. பழக்கம் எவ்வளவு, பாரம்பரியம் எவ்வளவு என்று அந்தத் தோட்டங்கள் பிரித்துக் காட்டின. 1940-களில் அவர்கள் வெளியிட்ட அந்த முடிவுகள் இன்றும் பாடமாக இருக்கின்றன.

நம் பக்கத்துத் தவறு ஒன்றையும் இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சோவியத் யூனியனில் லைசென்கோ என்பவர், பயிரைப் பழக்கினால் அதன் பாரம்பரியமே மாறிவிடும் என்று வாதித்தார். 1948 ஆகஸ்டில் அவருடைய கொள்கை அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டு, பாரம்பரிய விஞ்ஞானம் தடைப்பட்டது. உலகெங்கும் கம்யூனிஸ்ட் பத்திரிகைகள் அவரைப் புகழ்ந்து எழுதின. அதற்கு முன்பே, உலகத்துப் பயிர் விதைகளையெல்லாம் தேடிச் சேர்த்த மாமேதை வாவிலோவ் 1940-ல் கைது செய்யப்பட்டு, 1943-ல் சரத்தோவ் சிறையில் மாண்டார். மாக்சிமோவ் வேலை செய்ததும் வாவிலோவின் நிலையத்தில்தான். 1965-ல் லைசென்கோ பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதற்குள் ஒரு தலைமுறை விஞ்ஞானம் வீணாகியிருந்தது. பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் பத்திரிகையில் தொழிலாளர்களுக்காக நூற்றுக்கணக்கான விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதிய ஹால்டேன் கட்சியை விட்டு விலகியதற்கு இந்த விவகாரமும் ஒரு காரணம். அவர் பிறகு 1957-ல் இந்தியாவுக்கு வந்து, இந்தியப் பிரஜையாகி, 1964-ல் புவனேசுவரத்தில் காலமானார். நாம் விரும்புகிறபடி செடி மாறாது, தோழர்களே. கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினாலும் மாறாது.

இரண்டு மில்லிமீட்டர்

இதெல்லாம் லட்சக்கணக்கான ஆண்டுக்கு முந்தைய கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். விராலியின் தாயகம் ஆஸ்திரேலியா. சுமார் இருபது லட்சம் ஆண்டுகளுக்குள் அது கடல் கடந்து உலகத்தின் வெப்ப நாடுகள் எங்கும் பரவியது. அங்கே அடிலெய்ட் நகரத்து விஞ்ஞானிகள், 1880-கள் முதல் உலர்த்தித் தாளில் ஒட்டி வைத்த விராலி மாதிரிகளை எடுத்து இலை அகலத்தை அளந்தார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் பிளிண்டர்ஸ் மலைத்தொடரில், நூற்றிருபத்தேழு ஆண்டுகளில் இலை இரண்டு மில்லிமீட்டர் ஒடுங்கியிருந்தது! 2012-ல் இதை வெளியிட்டார்கள். மொத்த அகலமே ஒன்று முதல் ஒன்பது மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டால், இரண்டு என்பது சின்ன விஷயமில்லை. அந்த மாநிலத்தில் மழை பெரிதாக மாறவில்லை. உஷ்ணம்தான் 1950 முதல் 2005-க்குள் 1.2 டிகிரி ஏறியிருந்தது. அதே பகுதியில் ஒரு மலையில் அடியிலிருந்து உச்சி வரை ஏறிப் பார்த்தபோதோ, உயரம் கூடக் கூட இலையின் பரப்பு குறைந்திருந்தது.

அப்படியானால் செடிகள் சமாளித்துக்கொள்ளும், கவலை வேண்டாம் என்று சிலர் சொல்லக்கூடும். அங்கேதான் ஆபத்து. விராலி போல ஏராளமாக விதை விட்டு, பல வகைப்பட்ட குட்டிகளை ஈனும் செடிக்கு அது ஓரளவு முடிகிறது. தேர்வு நடக்க வேண்டுமானால் தேர்ந்தெடுக்கப் பல வகை இருக்க வேண்டும். குன்றின் புதர்க்காடு சர்க்கார் ரிஜிஸ்தரில் ‘தரிசு’ என்று ஏறியிருக்கிறது. தரிசுதானே என்று ஒரு பக்கம் கல்லுடைக்கிறார்கள், ஒரு பக்கம் மனை பிரிக்கிறார்கள். விறகு பொறுக்கவும் ஆடு மேய்க்கவும் போகிற கூலிக் குடும்பத்துக்குத்தான் அது தரிசு இல்லை என்று தெரியும். ஆயிரம் பஞ்சங்களில் சலித்து எடுத்த விதைகள் அங்கே நிற்கின்றன. ஆயிரம் புதர் நின்ற இடத்தில் பத்துப் புதர் மிஞ்சினால், அடுத்த பஞ்சத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது?

முசுக்கொட்டைக்கு வருவோம், அது இதற்குள் இன்னும் துவண்டிருக்கும். அதை இயற்கை தேர்ந்தெடுக்கவில்லை, மனிதன் தேர்ந்தெடுத்தான். புழுவுக்கு நீர்ச்சத்து நிறைந்த, மெத்தென்ற இலை வேண்டும். விராலி மாதிரி தடித்து விறைத்த இலையைப் போட்டால் புழு சீண்டாது. ஆகவே நல்ல பட்டுக்கு ஏற்ற இலை வறட்சிக்கு ஏற்றதில்லை, வறட்சிக்கு ஏற்றது பட்டுக்கு ஏற்றதில்லை. இரண்டுக்கும் நடுவே வழி தேடித்தான் மைசூரிலுள்ள மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம், மானாவாரிச் செம்மண்ணுக்கு எஸ்-13 என்றும், கரிசலுக்கு எஸ்-34 என்றும் ரகங்களைப் பொறுக்கி எடுத்தது. பாசனம் உள்ள இடத்துக்கு விக்டரி-1 என்று 1997-ல் ஒரு ரகம் வந்தது. பெரிய, தடித்த இலை, விளைச்சலும் அதிகம், தண்ணீரும் வேண்டும். கர்நாடகத்திலும் ஓசூர், தருமபுரிப் பக்கத்திலும் தண்ணீர் குறைந்து இலை குறைந்தால், கூடு குறையும். கூடு குறைந்தால் பட்டு விலை ஏறும். பட்டு விலை ஏறினால் பாவு கிடைக்காமல் எந்தத் தறி முதலில் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

நேரமாகிவிட்டது. கொம்புகளைத் திருப்பிக் கொடுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை குன்றுப் பக்கம் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். அடிவாரத்து விராலிகளில் இருபது இலை, உச்சியிலிருக்கும் விராலிகளில் இருபது இலை பறித்து, தனித்தனிக் காகிதத்தில் மடித்து, எங்கே எடுத்தது என்று எழுதி வையுங்கள். முற்றிய இலையாகப் பறியுங்கள், ஒரே புதரில் எல்லாவற்றையும் எடுத்துவிடாதீர்கள். அடுத்த கூட்டத்தில் ஸ்கேல் வைத்து நாமே அளந்து பார்ப்போம்.